.40 பிஸ்டலில் 9 எம்எம் சுடலாமா?

டெக்சாஸில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "போலீஸ் துறை கழித்துவிட்ட பழைய க்ளாக் 23 ஒன்றை வாங்கினேன். .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா விலை கூடுதல், உதைப்பும் கூடுதல். பேரலை மட்டும் மாற்றி 9 எம்எம் சுட முடியுமா? நண்பரிடம் இருக்கும் 9 எம்எம் க்ளாக் 19-ன் பேரல் இதில் உட்காருமா?"

முடியும். ஆனால் நண்பரின் பேரல் வேண்டாம்.

19-ம் 23-ம் வெளிப்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பேரல் நீளமும் ஒன்றுதான், 102 மி.மீ. வித்தியாசம் தோட்டாவின் அடிப்பாகத்தில் தொடங்குகிறது. .40 உறையின் அடிவிளிம்பு சுமார் 10.8 மி.மீ.; 9 எம்எம் உறைக்குச் சுமார் 10 மி.மீ.தான். அதனால் 23-ன் ஸ்லைடில் (சுடும்போது பின்னால் போய்வரும் மேல்பாகம்) தோட்டாவின் அடி பதியும் முகம் அகலமாக இருக்கும். பேரல் தடிமன் என்பதால் முன்பக்க ஓட்டையும் மேலே உள்ள திறப்பும் பெரிதாக இருக்கும். 19-ன் பேரலை அதில் போட்டால் உள்ளே போகும், சில சமயம் சுடவும் செய்யும். ஆனால் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளாது. முகத்துக்கு முன்னால் வெடிக்கிற சாதனத்தில் அந்த ஆட்டத்தை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

உங்களுக்குத் தேவை கன்வர்ஷன் பேரல். வெளி அளவு .40 ஸ்லைடுக்கு, உள் துளை 9 எம்எம் தோட்டாவுக்கு என்று இதற்காகவே கடைந்தது. லோன் வுல்ஃப், கேகேஎம், பார்-ஸ்டோ போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. வாங்கும்போது மாடல் எண்ணோடு ஜெனரேஷனையும் பாருங்கள். ஐந்தாம் ஜெனரேஷன் 23-க்கு ஸ்லைடே தடிமன். பழையதற்குச் செய்த பேரலை அதற்கு வாங்கிவிடக் கூடாது.

அழுத்தத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான சாமி, இரண்டுக்குமே வைத்திருக்கும் உச்ச வரம்பு 35,000 பிஎஸ்ஐ. .40-ன் உதைப்பைத் தாங்கும் ஃப்ரேமுக்கு (கைப்பிடி உள்ள அடிச்சட்டம்) 9 எம்எம் சுமையே இல்லை. சிக்கல் வேறு திசையிலிருந்து வரும். உதைப்பு குறைவதால், மிதமாக நிரப்பிய 115 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) தோட்டாவுக்கு ஸ்லைடு முழுசாகப் பின்னால் வராமல் போகலாம். அப்படி நடந்தால் ஸ்லைடைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்கில் கைவைப்பதற்கு முன், சற்றுக் கனமான 124 கிரெய்ன் போட்டுப் பாருங்கள்.

தோட்டா அடுக்கும் மேகசினில் சிக்கனம் பார்க்காதீர்கள். .40 மேகசினில் 9 எம்எம் தோட்டா நிற்கும், ஆனால் வாய்ப்பகுதி அகலம் என்பதால் தளர்ந்து ஏறும், அடிக்கடி மாட்டிக்கொள்ளும். 19-ன் மேகசின் உங்கள் ஃப்ரேமில் அப்படியே பொருந்தும், 15 தோட்டா பிடிக்கும். வெற்று உறை நெற்றியைப் பார்த்துப் பறந்து வந்தால், உறையைத் தட்டி வெளியேற்றும் எஜெக்டரைச் சந்தேகியுங்கள்; 9 எம்எம் எஜெக்டர் உள்ள ட்ரிகர் ஹவுசிங் மலிவான பாகம். உறையின் விளிம்பைக் கொக்கிபோல் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரையும் சிலர் சேர்த்து மாற்றுகிறார்கள். முதலில் பழையதோடே சுட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வேலை செய்யும்.

அடுத்து நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பேரலை மாற்றிய பிறகும் ஸ்லைடில் 40 என்றுதான் பொறித்திருக்கும். வேறொருவர் எடுத்தால், ஏன், ஆறு மாதம் கழித்து நீங்களே எடுத்தால், கண் அந்த எழுத்தைத்தான் நம்பும். .40 தோட்டா 9 எம்எம் பேரலுக்குள் போகாது. ஆனால் 9 எம்எம் தோட்டா .40 பேரலுக்குள் தாராளமாகப் போகும். எக்ஸ்ட்ராக்டர் பிடித்துக்கொண்டால் வெடிக்கவும் செய்யும், உறை பிளந்து சூடான வாயு பின்பக்கம் பீறிடும். எனவே ரேஞ்சில் மேசைமேல் ஒரே வகைத் தோட்டா மட்டும் இருக்கட்டும். மேகசின்களின் அடியில் வண்ணம் பூசுங்கள். எந்தப் பேரல் உள்ளே இருக்கிறது என்பதை, பேரலில் தோட்டா உட்காரும் சேம்பர் மேல் பொறித்திருப்பதைப் படித்தே முடிவு செய்யுங்கள்.

மாற்றும் வேலை இரண்டு நிமிடம்தான். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகே தொடங்குங்கள். வெளியே எடுத்த பேரலில் ஒரு தோட்டாவைப் போட்டால் தடையின்றி விழ வேண்டும், கவிழ்த்தால் தானே வெளியே வர வேண்டும். பூட்டிய பிறகு சேம்பரை மேலிருந்து அழுத்திப் பாருங்கள். கீழே அமுங்கி ஆடினால் சுடாமல் திருப்பி அனுப்புங்கள். முதலில் மேகசினில் ஒன்று, அப்புறம் இரண்டு, பிறகே முழுசு.

இதே வேலையைத் தலைகீழாகச் செய்ய முடியாது. 9 எம்எம் ஸ்லைடுக்குள் .40 பேரல் நுழையவே நுழையாது. .357 சிக் மட்டும் விதிவிலக்கான சுலபம். 1994-ல் வந்த அந்தத் தோட்டா, .40 உறையின் கழுத்தைச் சுருக்கியதைப் போன்றது. அடி அதே அளவு. க்ளாக் 32-ன் பேரலைப் போட்டால் போதும், மேகசினும் அதேதான். ஆனால் தோட்டா விலை .40-ஐவிட அதிகம், உங்கள் நோக்கத்துக்கு உதவாது.

.22-க்குப் பேரல் மட்டும் போதாது. அந்தச் சிறு தோட்டாவுக்கு எஃகு ஸ்லைடைத் தள்ளும் வலு கிடையாது. கோல்ட் நிறுவனம் 1930-களில் தன் .45 பிஸ்டலை .22-க்கு மாற்றப் பார்த்தபோதே இதில் திணறி, டேவிட் வில்லியம்ஸ் வடிவமைத்த, ஸ்லைடைத் தள்ளும் வலுவைக் கூட்டுகிற மிதக்கும் சேம்பரைக் கொண்டுதான் சமாளித்தது. இன்று க்ளாக்குக்கு வரும் .22 கிட்டுகள் எடை குறைந்த ஸ்லைடு, பேரல், மேகசின் எல்லாம் சேர்ந்தே வருகின்றன.

சட்டப்படி அமெரிக்க மத்திய அரசுக்குத் துப்பாக்கி என்பது வரிசை எண் உள்ள ஃப்ரேம்தான். பேரல் வெறும் உதிரிபாகம். டெக்சாஸில் உங்களுக்குத் தடையில்லை. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற இடங்களில் மேகசின் 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பதால் 15 தோட்டா மேகசினோடு அங்கே போகாதீர்கள். இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்கள் முயல வேண்டாம்: அங்கே 9 எம்எம் தடைசெய்யப்பட்ட ரகம்.

பயிற்சிக்கு என்றால் தயங்காமல் பேரலை மாற்றுங்கள். இடுப்பில் வைத்துக்கொண்டு உயிரை நம்பி ஒப்படைக்கிற பிஸ்டல் என்றால், 9 எம்எம்முக்கென்றே தொழிற்சாலையில் செய்த ஒன்றைத் தனியாக வாங்குங்கள், இந்த 23-ஐ .40 ஆகவே விட்டுவிடுங்கள்.