கிணற்றில் நல்ல தண்ணீர், போரில் உப்பு: இன்னும் ஆழம் இறக்கலாமா?

கேள்வி: சென்னை பாலவாக்கத்தில், கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் எங்கள் வீடு. 25 அடி உறைகிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. 90 அடி போர் இரண்டு வருடமாக உப்புக் கரிக்கிறது. இன்னும் 100 அடி இறக்கினால் சரியாகிவிடும் என்கிறார் போர் போடுபவர். கிணற்றை மூடிவிட்டுக் கார் நிறுத்தலாம் என்கிறான் மகன். என்ன செய்யட்டும்?

பதில்: கிணற்றை மூடாதீர்கள், போரை ஆழப்படுத்தாதீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

உங்கள் கிணற்று நீர் கடலிலிருந்து கிளம்பியதுதான். வெயிலில் கடல்நீர் ஆவியாகும்போது உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்க ஆலை கட்டிச் செய்கிற வேலையை வெயில் காசு வாங்காமல் செய்கிறது. அந்த ஆவிதான் ஐப்பசி, கார்த்திகையில் மழையாகி உங்கள் மணலில் இறங்குகிறது. உங்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயின் உவர்நீர். ஆற்று நீரோ ஏரி நீரோ அந்த மணலுக்கு வர வழியில்லை. மழை ஒன்றுதான் வரவு.

இறங்கிய மழைநீர் உப்புநீரோடு உடனே கலந்துவிடாது. வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிக்கு உப்புக் கரைத்த தண்ணீர் எடுங்கள். வேறு டம்ளரில் நல்ல தண்ணீரில் இரண்டு சொட்டு டிகாஷன் விட்டு, அதைக் கரண்டியின் முதுகில் பட்டு வழியும்படி மெல்ல ஊற்றுங்கள். பழுப்பு நீர் மேலேயே நிற்கும். நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் மிதக்கிறது. இப்போது ஒரு ஸ்ட்ராவை அடிவரை விட்டு உறிஞ்சினால் வாயில் உப்புதான் வரும். உங்கள் 90 அடி போர் அந்த ஸ்ட்ராதான். அதை இன்னும் கீழே இறக்கி என்ன பயன்?

இதற்கு கைபன்–ஹெர்ஸ்பெர்க் கணக்கு என்று ஒன்று உண்டு. நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறிவரும். நடுவில் களிமண்ணோ பாறையோ இருந்தால் இந்தக் கணக்கு நிறையவே மாறலாம். வடசென்னைக்கு அப்பால் மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மேல் இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. உப்பு ஏறிய மணலைத் திரும்ப நல்ல தண்ணீராக்க வருடக்கணக்கில் ஆகும்.

சரி, செய்ய வேண்டியது. போரை நிறுத்திவிட்டுக் கிணற்றிலிருந்து சின்ன மோட்டாரில், காலையும் மாலையும் பிரித்து இறையுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். மோட்டார் போட்டதும் ஒரு முறை, அரை மணி கழித்து ஒரு முறை அளந்து பாருங்கள். எண் ஏறினால் அடியிலிருந்து உப்பு இழுபடுகிறது; அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாதபோது 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. ஆனால் டிடிஎஸ் கிருமியைக் காட்டாது. குடிப்பதானால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் மொட்டை மாடி. ஆயிரம் சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் பெய்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சம் லிட்டர் மிஞ்சும். புரட்டாசியிலேயே மாடியைக் கழுவி, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மணலும் கூழாங்கல்லும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் இறக்குங்கள்.

மகனிடம் சொல்லுங்கள்: உறைகிணறு நாலடி அகலம்தான், அதைத் தள்ளிக் கார் நிறுத்த இடம் பார்க்கலாம். கிணற்றின் மேலேயே நிறுத்த வேண்டாம். பழைய உறை எடை தாங்காது. வண்டியிலிருந்து சொட்டும் எண்ணெயும் நேரே தண்ணீரில் இறங்கும்.