ஊரே துக்கத்தில் இருக்கும்போது அஞ்சலிக் கூட்டத்துக்கு என்ன இசை போடுவது?

இந்தக் கேள்வியைக் கேட்ட நீங்கள் காலேஜில் கூட்டம் வைக்கப்போகிறீர்கள், சோகப் புல்லாங்குழல் ஒன்றை யூடியூபில் எடுத்தும் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போடுங்கள், தப்பில்லை. வார்த்தை உள்ள பாட்டு என்றால் மட்டும் ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நான் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூர் பக்கம். கிறிஸ்தவக் கோயில் பாட்டுக்குழுவில் கீபோர்டு வாசிப்பவன். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல். நீரோடி முதல் இரயுமன்துறை வரை ஆழ்கடலுக்குப் போன ஆட்கள் திரும்பாத வீடுகள். இரண்டு வாரம் கழித்து எங்கள் ஊரில் ஜெபக் கூட்டம் வைத்தோம். பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தது நான்தான். வழக்கமான அடக்கப் பாட்டு, மண்ணில் வந்தவன் மண்ணுக்கே போகிறான் என்கிற மாதிரி. இரண்டாவது அடியில் முன்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்து நின்று கேட்டார்: "யாரு அடக்கம் பண்ணின? நீ கண்டியா மக்களே?"

பாடியவர்கள் நிறுத்திவிட்டார்கள். என் கால் பெடலை விட்டு எழவில்லை, கடைசியாக அமுக்கிய சுரம் இழுத்துக்கொண்டே கிடந்தது. அப்புறம் யாரோ ஜெபமாலையைத் தொடங்கினார்கள். அதிலுள்ள 53 'அருள் நிறைந்த மரியே' ஜெபமும் முடியும்வரை நான் கீபோர்டைத் தொடவில்லை.

காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டமே 7 வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. ஒக்கிக்கு அதைத் தளர்த்தினார்கள், அது வேறு கதை. நாங்கள் இரண்டே வாரத்தில் ஆளைப் பாட்டில் புதைத்துவிட்டோம்.

இதைப் படித்துவிட்டு "சோக ராகம் முகாரி வாசித்திருக்கலாமே" என்று யாராவது வருவார்கள். தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து பாடியதும் முகாரியில்தான் ஐயா. ராகத்தில் மட்டும் இல்லை விஷயம். தலைவர்கள் இறந்தால் அந்தக் காலத்தில் ரேடியோவில் ஷெனாயும் வீணையும் மட்டும் ஓடுமே, அது சௌகரியம். வார்த்தை இல்லாததால் யாரையும் குத்தாது. நான் இசை படித்தவன் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

அன்றைக்கு என் கீபோர்டு ஸ்டாண்டை 'ஒரு நாளைக்கு' என்று வாங்கிப்போன மைக் செட்காரர் இன்றுவரை திருப்பித் தரவில்லை. துக்க வீட்டுக்கு வாசிப்பவனிடம் காசைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. சரி, விடுங்கள்.

நீங்கள் போடும் இசையில் தாளம் வேண்டாம். சவுண்டை, முன்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினால் பின்னால் நிற்பவருக்குக் கேட்கிற அளவுக்கு வையுங்கள். யாராவது ஒப்பாரி எடுத்தால் உடனே இசையை நிறுத்திவிடுங்கள்.