பழைய பொலிரோவின் டோ பிராக்கெட், புது ஸ்கார்பியோவில்

படகு டிரெய்லர் இழுக்க, பழைய பொலிரோவின் டோ பிராக்கெட்டை (டிரெய்லரை இணைக்க வண்டியின் பின்னால் மாட்டும் இரும்புச் சட்டம்) புது ஸ்கார்பியோவில் மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த பிராக்கெட்டை மாட்டாதீர்கள். நாலு ஓட்டையில் இரண்டு சேராததற்குக் காரணம், இரண்டு வண்டிக்கும் சேசிஸ் (அடிச்சட்டம்) வேறு. வெல்டர் சொல்கிறபடி புதிதாக ஓட்டை போட்டால், படகு டிரெய்லரின் இழுவை தவறான இடத்தில் விழும். கடலூர் முதுநகர் உப்புக்காற்றில் அந்த ஓட்டையின் விளிம்பில்தான் முதலில் துருவும் ஏறும். ஸ்கார்பியோவுக்கென்றே செய்த பிராக்கெட் வாங்குங்கள்.

டிரெய்லர் வந்து மாட்டும் இரும்புப் பந்தை மட்டும் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டலாம். கிரீஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெர்னியர் அளவுகோலால் நாலு பக்கமும் அளந்து பாருங்கள். 50 மி.மீ. பந்து எங்காவது 49-க்குக் கீழே தேய்ந்திருந்தால் வேண்டவே வேண்டாம். டிரெய்லர் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் 7 பின் சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தால் அதையும் புதுசாகத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம், டிரெய்லர் விளக்குக்கான வயரை வண்டியின் பின்விளக்கிலிருந்து நேராக இழுக்க விடாதீர்கள். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் மாட்டினால் வண்டியின் வாரண்டி பாதிக்குமா என்று ஷோரூமில் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.