கருவளர்ச்சி மரபியலாளர் நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட்: கேள்வி பதில்

கேள்வி: நான் உயிர்வேதியியல் முதுநிலை மாணவி. கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் தொடக்கத்திலிருந்தே கருவளர்ச்சியைத்தான் ஆராய்ந்தாரா?

பதில்: இல்லை. 1942-இல் ஜெர்மனியின் மாக்டபூர்க் நகரில் பிறந்த அவர், உங்களைப் போலவே உயிர்வேதியியல் படித்தவர்; 1973-இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது மூலக்கூறு உயிரியலில்தான். 1975-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், பழ ஈ ஆய்வாளர் வால்டர் கெரிங்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த பிறகே பழ ஈயைக் கையாளக் கற்றுக்கொண்டார். ஆகவே முனைவர் பட்டத்துக்குப் பின் துறை மாறுவதைப் பின்னடைவாகக் கருத வேண்டியதில்லை.

கேள்வி: நோபல் பரிசுக்குக் காரணமான ஆய்வில் அப்படி என்ன புதுமை?

பதில்: கேள்வியின் வடிவமே புதுமை. குறிப்பிட்ட ஒரு மரபணுவைத் துரத்தாமல், கருவின் உடலமைப்பை வகுக்கும் மரபணுக்கள் அனைத்தையும் திரட்டிவிட முடியுமா என்று அவரும் சக ஆய்வாளர் எரிக் வீஷாவுஸும் ஹைடல்பெர்க்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் 1978 முதல் முயன்றார்கள். ஆண் ஈக்களுக்கு மரபணுவைச் சிதைக்கும் வேதிப்பொருளைக் கொடுத்து, அவற்றின் வழித்தோன்றல்களைத் தனித்தனிக் கால்வழிகளாக (ஒரே மூதாதையிலிருந்து வந்த ஈக்களின் வரிசைகளாக) வளர்த்து, முட்டைக்குள்ளேயே மடிந்த கருக்களின் புறத்தோலை, இருவர் ஒரே சமயத்தில் பார்க்கக்கூடிய நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். சில கருக்களில் உடலின் ஒரு பெரும்பகுதியே இல்லை. சிலவற்றில் ஒன்றுவிட்டு ஒரு கண்டம், அதாவது உடல் அடுத்தடுத்துப் பிரிந்திருக்கும் துண்டு, இல்லை. வேறு சிலவற்றில் ஒவ்வொரு கண்டத்தின் உள்ளமைப்பும் குலைந்திருந்தது. ஏற்கெனவே கண்ட மரபணுக்களே திரும்பத் திரும்ப அகப்படத் தொடங்கும்போது பட்டியல் நிறைவை நெருங்குகிறது என்று கொள்ளலாம். இந்த எளிய தர்க்கமே அந்த ஆய்வின் வலிமை என்பது என் கருத்து. அதன் முதல் கட்டுரை 1980-இல் வெளிவந்தது. 1995-இல் அமெரிக்கப் பழ ஈ மரபியலாளர் எட்வர்ட் லூயிஸுடன் இருவரும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கேள்வி: ஏன் பழ ஈ?

பதில்: முட்டையிட்டு ஏறத்தாழ 24 மணி நேரத்தில் புழு வெளிவந்துவிடும், அடுத்த தலைமுறைக்குப் பத்து நாள் போதும்.

கேள்வி: ஈயின் கருவைப் படித்து மனிதருக்கு என்ன பயன்?

பதில்: அவர்கள் கண்டறிந்தவற்றுள் ஒன்று ‘ஹெட்ஜ்ஹாக்’; அது பழுதான புழுவின் உடலெங்கும் நுண்முட்கள் அடர்ந்திருந்ததால் முள்ளெலியின் பெயர் பெற்றது. இதன் உறவு மரபணுக்கள் முதுகெலும்பிகளில் 1993-இல் இனங்காணப்பட்டன. மனிதரில் அவற்றுள் ஒன்றின் இரு நகல்களில் ஒன்று பழுதானாலே, முன்மூளை இரு பாதிகளாகப் பிரியாத பிறவிக் கோளாறு நேரலாம். ஈயில் காண்பதெல்லாம் மனிதரிலும் அப்படியே நிகழும் என்பதல்ல இதன் பொருள். முதுகெலும்பியிலேயே சோதிக்க வேண்டும் என்பதால்தான் பின்னாளில் அவர் வரிக்குதிரை மீனுக்கு மாறி, அதிலும் பெரிய அளவில் மரபணுத் தேடலை நடத்தினார். அதன் முடிவுகள் 1996-இல் வெளியாயின.

கேள்வி: கைக்குழந்தையுடன் இத்துறையில் நீடிக்க இயலுமா?

பதில்: இயலும், ஆனால் உதவி வேண்டும். ஈக்களின் கால்வழிகளை விடுமுறை நாளிலும் கவனிக்க வேண்டியிருக்கும். இதை உணர்ந்தே அவர் 2004-இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். குழந்தையுள்ள இளம் பெண் ஆய்வாளர்களுக்கு வீட்டு வேலைக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் ஆள் வைத்துக்கொள்ள அது பணம் தருகிறது. பாராட்டுப் பத்திரத்தைவிட இது பயனுள்ளது.