விண்கலமா, ஒளிவாளா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

‘ஸ்டார் டிரெக், ஸ்டார் வார்ஸ் என்னும் விண்வெளிக் கதைகள் இரண்டில் எது சிறந்தது?’ என்று தோவாளையிலிருந்து வந்த கேள்விக்குச் சென்ற இதழில் ‘இரண்டும் நல்லவையே’ என்று இரண்டு சொற்களில் பதில் எழுதியிருந்தேன். அது பதில் அன்று, நழுவல் என்று கண்டித்துக் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. கண்டனம் நியாயமானது. ஆகவே இம்மாதம் பக்கம் முழுவதும் இந்த ஒரு வழக்குக்கே ஒதுக்கப்படுகிறது.

என் அண்ணன் ஸ்டார் டிரெக் கட்சி; என் கணவர் ஸ்டார் வார்ஸ் கட்சி. விருந்துக்குக் கூடும்போதெல்லாம் மைத்துனர்கள் இருவரும் இலையில் பாயசம் ஆறும்வரை வாதாடுகிறார்கள். ‘உங்களுடையது எங்களுடையதைப் பார்த்து எடுத்தது’ என்பதே இருவரின் வாதமும். உண்மையில் யாருக்கு யார் கடன்பட்டவர்?
– இல்லத்தரசி ஒருவர், மார்த்தாண்டம்

வயதில் மூத்தது உங்கள் அண்ணனின் கட்சி. ஜீன் ராடன்பெரி உருவாக்கிய ஸ்டார் டிரெக் 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, மூன்று பருவங்களில் 79 அத்தியாயங்கள் ஓடியபின் 1969இல் நிறுத்தப்பட்டது. இரண்டாம் பருவத்தோடு முடிந்துவிடும் என்று அஞ்சிய ரசிகர்கள் கடிதங்களாக எழுதிக் குவித்ததும் மூன்றாம் பருவம் கிடைத்ததற்கு ஒரு காரணம். அந்தக் கடிதப் பழக்கம் அவர்களை விட்டுப் போகவில்லை. 1976இல் நாசா தன் முதல் விண்வெளி ஓடத்துக்குப் பெயர் தேடியபோதும் எழுதினார்கள், தொடரில் வரும் விண்கலத்தின் பெயரான ‘எண்டர்பிரைஸ்’ என்பதை அதற்கு வாங்கியும் கொடுத்தார்கள். இறங்கு சோதனைகளுக்காகவே கட்டப்பட்ட அந்த ஓடம் கடைசிவரை விண்வெளிக்குப் போகவே இல்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்ல வேண்டாம். அடுத்த விருந்திலும் பாயசம் ஆறிவிடும்.

ஜார்ஜ் லூகாஸின் முதல் ஸ்டார் வார்ஸ் படம் 1977 மே 25 அன்று வெளிவந்தது. அது யாரையேனும் பார்த்து எடுக்கப்பட்டது என்றால், ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1958இல் எடுத்த ஒரு படத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஓயாமல் சச்சரவிட்டுக்கொள்ளும் இரு எளிய குடியானவர்களின் வழியாக ஓர் இளவரசியின் கதையைச் சொல்லும் அந்த உத்தியே, ஆர்2-டி2, சி-3பிஓ என்னும் இரு இயந்திரங்களாக லூகாஸின் படத்தில் உருமாறியது.

கடன் கணக்கு இதற்குப் பிறகுதான் சுவையாகிறது. ஸ்டார் டிரெக்கைப் புதிய தொலைக்காட்சித் தொடராக்கத் திட்டமிட்டிருந்த பாரமவுண்ட் நிறுவனம், 1977இல் விண்வெளிப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்தபின் அதைத் திரைப்படமாக மாற்றி 1979இல் வெளியிட்டது. (மும்பையில் பிறந்த முன்னாள் இந்திய அழகி பெர்சிஸ் கம்பாட்டா தலையை மழித்துக்கொண்டு நடித்த படம் அதுவே.) 1982இல் வந்த இரண்டாம் ஸ்டார் டிரெக் படத்துக்குத் திரைத் தந்திரக் காட்சிகளைச் செய்து கொடுத்தது, லூகாஸ் தன் படத்துக்காகத் தொடங்கிய நிறுவனமே. 2009இல் ஸ்டார் டிரெக்குக்குப் புத்துயிர் கொடுத்த ஜே.ஜே. ஆப்ரம்ஸ்தான் 2015இல் ஸ்டார் வார்ஸின் ஏழாம் படத்தையும் இயக்கினார். ரசிகர்கள் கட்சி கட்டிக்கொண்டிருந்த காலத்தில், கலைஞர்கள் காலையில் ஒரு வீட்டிலும் மாலையில் மறு வீட்டிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டார் டிரெக்கின் எண்டர்பிரைஸ் விண்கலமும் ஸ்டார் வார்ஸின் மில்லேனியம் ஃபால்கன் விண்கலமும் மோதினால் எது வெல்லும்? விடுதியில் நான்கு நாட்களாக உறக்கம் இல்லை.
– பொறியியல் மாணவர், நாகர்கோவில்

அந்தக் காட்சிக்கு யார் திரைக்கதை எழுதுகிறாரோ அவர் விரும்பும் கலம் வெல்லும். உறங்குங்கள்.

வேகத்தை மட்டும் கேட்டிருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்பேன். 1995இல் தொடங்கிய வாயேஜர் தொடரில் ஒரு ஸ்டார் டிரெக் கலம் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தொலைவில் மாட்டிக்கொள்கிறது. முழு வேகத்தில் திரும்பினாலும் 75 ஆண்டுகள் ஆகும் என்பதுதான் அந்தத் தொடரின் முடிச்சு. ஸ்டார் வார்ஸிலோ, விண்மீன் மண்டலத்தின் ஒரு மூலையில் ஏறியவர் ஒரு பாடம் கற்று, ஒரு சதுரங்கம் ஆடி முடிப்பதற்குள் மறு இடத்தில் இறங்கிவிடுகிறார். தொலைவே துயரமாக இருக்க வேண்டிய கதைக்கு மெதுவான கலமும், துயரம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிற கதைக்கு விரைவான கலமும் கிடைத்திருக்கின்றன.

நான் இயற்பியல் ஆசிரியை. என் மாணவர்களில் சிலரின் உறவினர்கள் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனைகளில் பணிபுரிகிறார்கள். ஆகவே பிள்ளைகளை எளிதில் ஏமாற்ற முடியாது. பார்செக் என்பது தொலைவின் அளவு. அதை நேரம் போலப் பேசும் ஸ்டார் வார்ஸை அறிவியல் புனைவு என்று எப்படி ஒப்புக்கொள்வது?
– ஆசிரியை, தக்கலை

ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு. கெஸல் என்னும் விண்வெளிப் பாதையைப் பன்னிரண்டு பார்செக்குக்குள் கடந்ததாக ஸ்டார் வார்ஸின் விண்கல ஓட்டி ஹான் சோலோ பெருமையடித்துக்கொள்வது, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அறுபது கிலோமீட்டரில் போய்ச் சேர்ந்தேன் என்று ஓட்டுநர் ஒருவர் வேகத்துக்காக மார்தட்டுவதைப் போன்றது. பின்னாளில், 2018இல் வந்த ஸ்டார் வார்ஸ் படம் அதைக் குறுக்குவழி பிடித்த கதையாக்கிச் சரிசெய்யப் பார்த்தது. அது விழுந்தபின் மீசையைத் துடைக்கிற வேலை. ஆனாலும் கதையில் அந்த மனிதர் ஒரு வாய்வீச்சுக்காரர் என்பதால், பிழை அவர் வாய்க்குப் பொருந்தியே இருக்கிறது.

ஸ்டார் டிரெக்கை உங்கள் வகுப்பில் குற்றமற்றதாக நிறுத்திவிட வேண்டாம். காற்றில்லா வெளியில் ஓசை எழுப்பும் குற்றத்தை இரு தரப்பும் செய்திருக்கின்றன. ஆளைக் கதிராக்கி அனுப்பி மறுபுறம் சேர்த்தெடுக்கும் டிரான்ஸ்போர்ட்டர் இயற்பியலிலிருந்து பிறந்ததன்று. வாரந்தோறும் ஒரு புதிய கோளில் விண்கலம் இறங்குவதைப் படமெடுக்கப் பணம் போதாமையால் பிறந்தது. வேறுபாடு என்னவென்றால், ஸ்டார் டிரெக் தன் பொய்க்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டதாக நினைக்கிறது. அந்த விளக்கம் சில வேளைகளில் மெய்யான ஆராய்ச்சியையும் தூண்டிவிடுகிறது. கலத்துக்கு முன்னால் வெளி சுருங்கி, பின்னால் விரிந்தால் ஒளியை முந்த முடியுமா என்று பொதுச் சார்பியலின் சமன்பாடுகளைக் கொண்டு 1994இல் ஆராய்ந்த மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியேரே, ஸ்டார் டிரெக் கலங்களை ஒளியினும் விரைவாக ஓட்டும் ‘வார்ப் டிரைவ்’ என்ற சொல்லையே தன் கட்டுரையின் தலைப்பில் வைத்தார். அதற்கு எதிர்மறை ஆற்றல் அடர்த்தி வேண்டும் என்பதால் மகேந்திரகிரியில் சோதனைக்கு நாள் குறிக்க இயலாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

நான் வழக்கறிஞர். ‘எனக்கு இது பிடிக்கும்’ என்பது வாதம் ஆகாது. இரண்டிலும் பொதுவாக உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, இரண்டும் அதை எப்படி நடத்துகின்றன என்று சான்றுடன் காட்டுங்கள். தீர்ப்பை நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.
– வழக்கறிஞர், பத்மநாபபுரம்

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான். இரண்டிலும் பேசும், சிந்திக்கும், நட்புப் பாராட்டும் இயந்திரங்கள் உண்டு. அவற்றையே சான்றாக எடுத்துக்கொள்வோம்.

1977 படத்தில் டிராய்டு எனப்படும் இயந்திரங்களைப் பாலைவனத்தில் பிடித்து, ஓடிவிடாதபடி மார்பில் ஒரு தாழ்க்கட்டையைப் பொருத்தி, வரிசையில் நிறுத்தி விற்கிறார்கள். கதாநாயகனின் சிற்றப்பா பேரம் பேசி வாங்குகிறார். சற்று நேரத்தில் ஒரு மதுக்கடைக்காரர், இவற்றுக்கு இங்கே இடமில்லை, வெளியே நிற்கட்டும் என்கிறார். கதாநாயகனும் மறுபேச்சின்றி அவற்றை வெளியே அனுப்பிவிடுகிறான். சிலர் வாசலோடு நிறுத்தப்பட்ட கடைகளும் தெருக்களும் பாட்டன் காலத்து நினைவில் இன்னும் இருக்கிற நம் ஊர்களில், அந்தக் காட்சியை ஒரு புன்னகையோடு கடந்துபோவது எளிதன்று. 2005 படத்தின் முடிவில் சி-3பிஓவின் நினைவு முழுவதையும் அழித்துவிடுமாறு ஒருவர் ஆணையிடுகிறார். அவர் கதையின் நல்லவர்களில் ஒருவர். இத்தனை நடந்தும் கதை ஒருமுறையாவது நின்று, ‘இது நியாயமா?’ என்று உரக்கக் கேட்கவில்லை. 2018 படத்தில் டிராய்டுகளின் உரிமையைப் பேசும் பாத்திரம் ஒன்று உண்டு. அதையும் பெரும்பாலும் சிரிப்புக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஸ்டார் டிரெக்கின் இரண்டாம் தலைமுறைத் தொடரில் டேட்டா என்னும் இயந்திர அதிகாரி இருக்கிறார். 1989இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில், அவரைப் பிரித்துப் பார்த்து அவரைப் போலவே ஆயிரக்கணக்கில் செய்ய ஓர் ஆய்வாளர் விரும்புகிறார். டேட்டா பதவி விலக முயல்கிறார். விண்படையின் உடைமைக்குப் பதவி விலகும் உரிமை கிடையாது என்கிறார்கள். வழக்கு விசாரணைக்கு வருகிறது. ஆள் பற்றாக்குறையால், டேட்டாவின் நண்பரே எதிர்த்தரப்பில் வாதாட வேண்டிய கட்டாயம். அவர் மனமில்லாமல், ஆனால் நேர்மையாக வாதாடுகிறார்: எழுந்து வந்து டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுகிறார், பிறகு விசையைத் தொட்டு அவரை அணைத்தே விடுகிறார். வாதத்தில் வென்றுகொண்டிருக்கும் அவர் முகத்தைப் பார்க்கவே அந்த அத்தியாயத்தை நான் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பதுண்டு. டேட்டாவுக்கு ஆன்மா உண்டா என்று நீதிபதி தீர்ப்பளிப்பதில்லை. தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அதை எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் முன்னாள் வழக்கறிஞர் என்பது உங்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடும்.

ஒரு தரப்புச் சான்றோடு நிறுத்தினால் நீங்கள் ஆட்சேபிப்பீர்கள். ஆர்2-டி2 ஒரு சொல்கூடப் பேசுவதில்லை; ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் தன் குரலையும் மின்னிசைக் கருவியின் ஒலியையும் கலந்து உருவாக்கிய சீழ்க்கைகள் மட்டுமே அதற்கு மொழி. போர் முடிந்து அது கருகித் திரும்பும்போது திரையரங்கில் குழந்தைகள் விம்முகின்றன. டேட்டா ஓர் ஆள் என்று நம்ப ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது. ஆர்2-டி2 ஓர் ஆள் என்பதில் எந்தக் குழந்தைக்கும் ஐயம் வந்ததில்லை. தோல்பாவைக் கூத்துத் திரையில் அசைவது ஆட்டுத்தோல் என்று அறிந்தே நாம் சீதைக்காக அழுகிறோமே, அந்த வழி ஸ்டார் வார்ஸின் வழி. ஸ்டார் டிரெக்கோ திரைக்குப் பின்னால் போய், தோலை அசைப்பவரிடம் கணக்குக் கேட்கிறது.

எங்கள் விசைப்படகில் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறோம். ஓய்வில் செல்பேசியில் இவற்றைப் பார்ப்போம். படகில் ஸ்ராங்கு சொன்னால் சொன்னதுதான். ஸ்டார் டிரெக் கேப்டனோ மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஆளாளுக்குக் கருத்துக் கேட்கிறார். இதில் எது கடலோடியின் கதை?
– மீனவர், தூத்தூர்

கேப்டன் கருத்துக் கேட்டாலும் அதுவே கடலோடியின் கதை. பிரிட்டிஷ் கடற்படைத் தலைவன் ஒருவனைப் பற்றிய சி.எஸ். ஃபாரெஸ்டரின் நாவல்களை மனத்தில் வைத்தே ராடன்பெரி தன் கேப்டனை உருவாக்கினார். 1982 படத்தின் இறுதிச் சண்டையைப் பாருங்கள்: முகில் போன்ற மண்டலத்துக்குள் இரு கலங்கள், நீர்மூழ்கிகளைப் போல ஒன்றையொன்று காணாமல் தடவித் திரிகின்றன. எதிரி மட்டமான பரப்பில் மட்டுமே யோசிக்கிறான் என்று தன் அதிகாரி சொல்லக் கேட்ட கேப்டன், தன் கலத்தைக் கீழே இறக்கி, அவன் கடந்துபோனபின் மேலே எழுந்து பின்புறமாகத் தாக்குகிறார். கடலுக்கு ஆழம் உண்டு என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டார் வார்ஸின் சண்டைகள் வானத்தைச் சேர்ந்தவை. இரண்டாம் உலகப் போரின் விமானச் சண்டைப் படச்சுருள்களை முன்னால் வைத்துக்கொண்டே லூகாஸ் அவற்றை அமைத்தார்.

மேசையைச் சுற்றிக் கருத்துக் கேட்பதைப் பொறுத்தவரை, நீரோட்டம் மாறினால் உங்கள் ஸ்ராங்கும் படகிலுள்ள மூத்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தானே சுக்கானைத் திருப்புகிறார்? எண்டர்பிரைஸில் அந்தப் பார்வைக்கு ஒரு மேசையும் ஏழெட்டு நாற்காலிகளும் போட்டிருக்கிறார்கள்.

பத்து வயதுப் பேத்திக்கு எதை முதலில் காட்டுவது?
– ஓய்வுபெற்ற செவிலியர், குலசேகரம்

1977 படத்தை. பிறகு 1980, 1983 படங்களை. கதைவரிசைப்படி 1999 படத்திலிருந்து தொடங்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம்; 1980 படத்தில் ஒரு மறைபொருள் உடைகிறது, அதை முன்கூட்டியே அறிந்துகொண்டு பார்ப்பது, விடையைப் பார்த்துவிட்டு விடுகதை கேட்பதைப் போன்றது. ஸ்டார் டிரெக் அவளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதாகும்வரை காத்திருக்கலாம். எதைச் சொன்னாலும் ‘ஏன்?’ என்று கேட்கத் தொடங்கும் வயது அது. அப்போது இரண்டாம் தலைமுறைத் தொடரின் மூன்றாம் பருவத்திலிருந்து காட்டுங்கள். முதல் பருவம் எனக்கே கொட்டாவி வரவழைத்தது.

இவ்வளவும் எழுதிய நீங்கள் எந்தக் கட்சி? ஒளிக்காமல் சொல்லவும்.
– சென்ற இதழில் கேட்ட அதே வாசகர், தோவாளை

ஸ்டார் டிரெக். மேலே வழக்கறிஞருக்கு எழுதிய பதிலைப் படித்தபோதே ஊகித்திருப்பீர்கள். எனினும், 1977 படத்தின் முதல் காட்சியில் ஒரு சிறு கலம் தப்பியோட, அதைத் துரத்தும் பெருங்கலத்தின் அடிவயிறு நம் தலைக்கு மேலே முடிவில்லாமல் நீண்டு வருமே, அதைச் செல்பேசியில் பார்ப்பவர்கள் எதையும் பார்க்கவில்லை. நாகர்கோவிலில் ஏதேனும் ஒரு திரையரங்கில் அந்தப் படத்தை மறுபடி திரையிட்டால், என் கட்சிக்காரர்களுக்குத் தெரியாமல் முன்வரிசையில் ஒரு சீட்டு எடுத்துக்கொள்வேன். உங்களை அங்கே கண்டாலும் காணாதவன் போல இருந்துவிடுகிறேன். நீங்களும் அப்படியே இருங்கள்.