கைநாட்டு வைத்த படிவமும் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் பில்லும்

கேள்வி: வழக்கறிஞர் அம்மா அவர்களுக்கு வணக்கம். நாங்கள் கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். 66 வயதாகும் என் தாயார் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். எழுதப் படிக்கத் தெரியாது. சர்க்கரை நோய்க்காக மலைக்குக் கீழே ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்வந்தார். அங்கே ‘புது மாத்திரை வந்திருக்கிறது, காசு வேண்டாம், பஸ் செலவுக்கும் பணம் தருகிறோம்’ என்று சொல்லி, ஆங்கிலத்தில் இருந்த பல தாள்களில் கைநாட்டு வாங்கினார்கள். நான்காவது மாதம் ஒரு விடியற்காலையில் அம்மா மயங்கி விழுந்தார். அதே மருத்துவமனையில் ஒன்பது நாள் வைத்திருந்து, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். டிஸ்சார்ஜ் அன்று 1,12,000 ரூபாய் பில் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்துக் கட்டினோம். ‘இது வயதால் வந்தது, சம்மதித்துத்தானே கைநாட்டு வைத்தீர்கள்’ என்கிறார்கள். படிவத்தின் நகல் கேட்டால் ஃபைலை வெளியே தர முடியாது என்கிறார்கள். மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரைக்கும் வைத்தியம் பார்க்கமாட்டார்களோ என்று அம்மா பயப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, உங்கள் தாயாரின் கைநாட்டு அவருடைய உரிமைகளை எழுதிக் கொடுத்த பத்திரம் ஆகாது, இதை முதலில் அவரிடமே சொல்லிவிடுங்கள். புது மருந்தைச் சோதிக்கும் ஓர் ஆய்வில் சேர அவர் சம்மதித்தார் என்பதற்கு மட்டுமே அது சான்று, அதுவும் முறைப்படி விளக்கிச் சொல்லிப் பெறப்பட்டிருந்தால்தான். ஆய்வில் சேர்பவர் தம் சட்ட உரிமையைக் கைவிடுவதாக ஒப்புதல் படிவத்தில் எந்த வாசகமும் இருக்கக் கூடாது என்பது நல்ல ஆய்வு நடைமுறைக்கான வழிகாட்டு நெறிகளில் உள்ள அடிப்படைக் கட்டளை. ஆகவே, ‘சம்மதித்தீர்களே’ என்ற பதிலால் உங்கள் கோரிக்கையை யாரும் முடித்துவைக்க முடியாது.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அம்மா சேர்க்கப்பட்டது கிளினிக்கல் டிரயல் என்னும் மருந்து ஆய்வில்தான் என்று தோன்றுகிறது. புதிய மருந்து ஒன்று விற்பனைக்கு வருவதற்கு முன், அது வேலை செய்கிறதா, தீங்கு செய்கிறதா என்று மனிதர்களிடம் கொடுத்துப் பார்ப்பதே இந்த ஆய்வு. முதலில் ஒரு சிலரிடம், பிறகு சில நூறு நோயாளிகளிடம், அதன்பின் பல மருத்துவமனைகளில் நிறையப் பேரிடம் எனக் கட்டம் கட்டமாக நடக்கும். சிலருக்குப் புது மருந்தும், சிலருக்கு வழக்கமான மருந்தும், சில ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுப்பார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் போன்ற முறையில் கணினி முடிவு செய்யும், பல நேரங்களில் மருத்துவருக்கே தெரியாது. அம்மாவின் மாத்திரைப் புட்டியில் மருந்தின் பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆய்வு என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. இன்று நாம் நம்பிச் சாப்பிடும் மருந்துகள் இப்படித்தான் வந்தன. தாம் ஆய்வில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் ஒருவர் நான்கு மாதம் மாத்திரை விழுங்குவதுதான் தவறு.

இந்தியாவில் இதற்கான சட்டம் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், அதன்கீழ் 2019 மார்ச்சில் வெளியான புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளும் ஆகும். ஆய்வில் சேரும் ஒவ்வொருவருக்கும் புரிகிற மொழியில், கலைச்சொல் இல்லாத எளிய நடையில், ஆய்வின் நோக்கம், அதன் ஆபத்துகள், அதை விட்டால் உள்ள மாற்றுச் சிகிச்சை ஆகியவற்றை எழுதிய தகவல் தாளைக் கொடுத்து, வாயாலும் விளக்கி, அதன்பிறகே எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், விளக்கம் தொடங்கியது முதல் ஒப்புதல் பெறும் வரை நடுநிலையான சாட்சி ஒருவர் உடன் இருந்து படிவத்தில் கையொப்பமிட வேண்டும். நடுநிலை என்றால் ஆய்வுக்குழுவின் செல்வாக்குக்கு உட்படாதவர். அந்த ஆய்விலேயே வேலை பார்க்கும் செவிலியர் அத்தகைய சாட்சி ஆகமாட்டார். நலிந்த நிலையில் உள்ளவர்களிடம் முற்றிலும் புதிய மூலக்கூறு ஒன்றைச் சோதித்தால், விளக்கம் சொல்லி ஒப்புதல் பெறுவதை ஒலி-ஒளிப் பதிவும் செய்ய வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தகவல் தாளின் பிரதியையும் நிரப்பிய ஒப்புதல் படிவத்தின் பிரதியையும் நோயாளியிடமோ உடன் இருப்பவரிடமோ கொடுத்தாக வேண்டும். ஆகவே நீங்கள் நகல் கேட்பது அவர்களிடம் சலுகை கேட்பதல்ல. அன்றே தந்திருக்க வேண்டியதை இன்று கேட்கிறீர்கள்.

அந்தப் படிவத்தில் ஒரு சிறு கட்டத்தை உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். விதிகள் தந்துள்ள மாதிரியில், நோயாளியின் பெயர், வயது, முகவரி ஆகியவற்றோடு, அவருடைய தொழில், ஆண்டு வருமானம், வாரிசாக நியமிக்கப்படுபவரின் பெயர், உறவுமுறை ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. ஆய்வால் மரணம் நேர்ந்தால் இழப்பீட்டை யாரிடம் தருவது என்பதற்காகவே அந்தக் கட்டம் இருக்கிறது. நகல் கைக்கு வந்ததும் அதைப் பாருங்கள். அது காலியாக இருந்தாலோ, உங்களிடம் கேட்காமலேயே ஏதோ ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தாலோ, அன்று உங்கள் தாயாரிடம் எதுவும் விளக்கப்படவில்லை என்பதற்கு அதைவிட நேரான தடயம் கிடைப்பது அரிது.

இனி பில். விதி 40 சொல்வது இது: ஆய்வின்போது ஒருவருக்குப் பாதிப்பு ஏற்பட்டால், ஆய்வை நடத்தும் ஸ்பான்சர், அதாவது பெரும்பாலும் மருந்து நிறுவனம், அவருக்கு இலவசமாக மருத்துவம் பார்க்க வேண்டும், ஆய்வு மருத்துவரின் கருத்துப்படி தேவைப்படும் காலம் வரை, அல்லது அந்தப் பாதிப்பு ஆய்வால் வந்ததல்ல என்று நிறுவப்படும் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை. இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘நிறுவப்படும் வரை’ என்பது. பில் கவுண்டரில் ஒருவர் ‘வயதால் வந்தது’ என்று வாயால் சொல்வது நிறுவுதல் ஆகாது. அம்மா படுத்திருந்த ஒன்பது நாளுக்குள் அப்படி எந்த முடிவும் முறைப்படி எடுக்கப்படவில்லை என்றால், அந்த 1,12,000 ரூபாயை உங்களிடம் வாங்கியதே விதிக்கு முரண் என்பது என் கருத்து. திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இழப்பீடு வேறு கணக்கு. பாதிப்பு ஆய்வோடு தொடர்புடையது என்று எப்போது கொள்ளப்படும் என்பதை விதி 41 விவரிக்கிறது. மருந்தின் பக்க விளைவு மட்டுமல்ல, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுத் திட்டத்தை மீறியது, ஆய்வு மருத்துவரின் கவனக்குறைவு, கிடைக்கக்கூடிய வழக்கமான சிகிச்சையைத் தராமல் வெறும் மாத்திரை தந்தது, ஆய்வுக்காகச் செய்த ஏதேனும் ஒரு செய்முறை என எதனால் வந்தாலும் அது ஆய்வால் வந்த பாதிப்புதான். ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமாக இருந்தவரை, ஆய்வுத் திட்டம் தடுத்திருந்தும் சேர்த்திருந்தால், அதுவும் திட்ட மீறலே. எனவே ஆய்வில் சேர்க்கும் முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு இருந்தது என்பது உங்கள் வழக்கில் முக்கியமான எண்.

தொகையைப் பற்றி உங்களுக்கு வீண் நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. விதிகளின் ஏழாம் அட்டவணையில் கணக்கிடும் சூத்திரம் இருக்கிறது. மரணத்திற்கு அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதை வயதுக்கான காரணியாலும், நோயின் நிலையைப் பொறுத்து 0.5 முதல் 4 வரை உள்ள ஆபத்துக் காரணியாலும் பெருக்கி 99.37ஆல் வகுப்பார்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வயதுக் காரணியே 99.37 என்பதால், அம்மாவைப் போன்றவருக்கு 8 லட்சத்தை ஆபத்துக் காரணியால் பெருக்கினாலே போதும். அது 2 என்று வைத்தால் 16 லட்சம். தாயார் நலமாக இருக்கட்டும். இந்தத் தொகையைச் சொல்வதற்குக் காரணம், நிரந்தர ஊனத்துக்கான இழப்பீடும் இதிலிருந்தே பிறக்கிறது என்பதுதான். ஊனம் 100 சதவீதம் என்றால் மரணத்துக்கு உரியதில் 80 சதவீதம் கிடைக்கும். சிறுநீரகப் பாதிப்பு நிலைத்துவிட்டது, ஊனம் 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால், மேற்சொன்ன கணக்கில் 5,12,000 ரூபாய் வரும். மாறாக, பாதிப்பு முழுமையாகக் குணமாகிவிட்டால், மருத்துவமனையில் இருந்த நாட்களை ஒரு நாள் குறைந்தபட்சக் கூலியால் பெருக்கி அதன் இரு மடங்கே இழப்பீடு. ஒன்பது நாளுக்கு அது சிறிய தொகைதான். அதனால் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் காட்டி, பாதிப்பு தற்காலிகமா நிலையானதா என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த மருத்துவருக்கு ஆய்வோடு தொடர்பு இருக்கக் கூடாது.

அம்மா மயங்கி விழுந்த அன்று என்ன நடந்திருக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கடும் பாதிப்பு நேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் அதை டெல்லியில் உள்ள மத்திய உரிம அதிகாரிக்கும், ஸ்பான்சருக்கும், ஆய்வைப் பரிசீலித்து அனுமதி தந்த நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். 14 நாளுக்குள் ஆராய்ந்த அறிக்கை போக வேண்டும். நெறிமுறைக் குழு 30 நாளுக்குள் இழப்பீடு பற்றிய கருத்தை அனுப்ப வேண்டும். மத்திய உரிம அதிகாரியின் உத்தரவு வந்தபின் 30 நாளுக்குள் ஸ்பான்சர் பணம் கட்ட வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நோயாளி விழுவது இங்கே, ஆய்வு நடப்பது கீழே. ‘எங்களுக்குத் தகவலே வரவில்லை’ என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் அன்று ஆய்வு ஒருங்கிணைப்பாளரை எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்பதைக் கைபேசியின் அழைப்புப் பட்டியலில் இருந்து படம் எடுத்து வையுங்கள். 108 ஆம்புலன்ஸில் போயிருந்தால் அந்த விவரத்தையும் குறித்து வையுங்கள்.

அடுத்து, கடிதங்கள். முதல் கடிதம் மருத்துவமனைக்கு: அம்மாவின் கைநாட்டோடு, மருத்துவப் பதிவேடுகள் முழுவதையும், தகவல் தாள், ஒப்புதல் படிவம், இருந்தால் ஒலி-ஒளிப் பதிவு ஆகியவற்றையும் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிமுறை. இரண்டாவது கடிதம் அந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழுத் தலைவருக்கு. இந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருப்பார்கள். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாகவும், குழுவில் ஒரு சட்டம் அறிந்தவரும் ஒரு சாதாரணக் குடிமகனும் உள்ளவாறும் அமைய வேண்டும் என்பது விதி. மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுதும் கடிதம் மேசையிலேயே தங்கிவிடலாம். நெறிமுறைக் குழுவுக்கு எழுதியதை அப்படி ஒதுக்கிவிட முடியாது என்பதை என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டின் நகலையும் மத்திய உரிம அதிகாரியின் அலுவலகமான மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேடு என்று ஓர் இணையதளம் 2007 முதல் இயங்குகிறது. 2009 ஜூன் 15 முதல் ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால், நோயின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் போட்டுத் தேடச் சொல்லுங்கள். ஸ்பான்சர் யார், ஆய்வு மருத்துவர் யார், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்பதெல்லாம் அங்கே இருக்கும். பதிவே இல்லை என்றால் விவகாரம் இன்னும் கடுமையானது. அதைக் கடிதத்தில் முதல் வரியாக எழுதுங்கள்.

பதில் வராவிட்டாலோ பணம் திரும்பாவிட்டாலோ, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். மலை இறங்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணமும் இல்லை. ‘ஆய்வு இலவசம், எனவே அவர் நுகர்வோர் அல்ல’ என்று வாதிடுவார்கள். பில் போட்டுப் பணம் வாங்கிய பிறகு அந்த வாதம் நிற்காது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம்: பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எதுவாக இருந்தாலும், உங்கள் தாயாருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல். 2009-10இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசித் திட்டம் ஒன்றில், விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். திட்டம் 2010இல் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. கூடலூரிலும் பந்தலூரிலும் பிள்ளைகளை உண்டு உறைவிடப் பள்ளியில் விட்டிருக்கும் பெற்றோர், தோட்டத்து மேஸ்திரியோ விடுதிக் காப்பாளரோ உங்களுக்காகச் சம்மதம் சொல்ல முடியாது என்பதை நினைவில் வையுங்கள். படுக மொழியோ இருளர் மொழியோ மட்டுமே சரளமாக அறிந்தவருக்கு அந்த மொழியில்தான் விளக்க வேண்டும்.

கடைசியாக, அம்மாவின் பயம். ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, விலகலாம். விலகியதற்காக அவருக்கு உரிய வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். சர்க்கரை திடீரென ஏறக்கூடும். அரசு மருத்துவமனையிலோ வேறொரு மருத்துவரிடமோ புட்டியைக் காட்டி, மாற்று மருந்தை எழுதி வாங்கிக்கொண்டு நிறுத்துங்கள். அம்மாவுக்குக் கொடுத்தது எந்த மருந்து என்ற ரகசியக் குறியீட்டை உடைத்துச் சொல்லும்படி அந்த மருத்துவர் கேட்கலாம். அவசரத் தேவைக்கு அதற்கு வழி உண்டு. மீதி மாத்திரைகளை ஆய்வுக்குழு எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருப்பதால், கொடுப்பதற்கு முன் புட்டியின் லேபிளையும் உள்ளே இருப்பவற்றையும் நான்கு பக்கமும் படம் எடுத்து, திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். அடுத்த பரிசோதனைத் தேதிக்கு அம்மாவைத் தனியே அனுப்பாமல் நீங்கள் உடன் செல்லுங்கள்; புதிதாக எந்தத் தாளை நீட்டினாலும், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி வாங்கி வாருங்கள்.