சேர்ட் போட்ட வேடருக்குக் காடு எதற்கு?

அன்புள்ள ஐயா,
கனடாவில் என் அண்ணன் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறார். இங்கே ஏன் எல்லாவற்றுக்கும் தடை? இலங்கையின் பூர்வகுடிகள் என்று சொல்லப்படும் தம்பானை வேடர்கள் மட்டும் தனிச் சலுகை கேட்கிறார்கள். சேர்ட் போட்டு, போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எதற்குக் காட்டுரிமை?
வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

அண்ணனின் உரிமத்தை விடுங்கள். பொழுதுபோக்கு வேட்டை இந்தத் தீவுக்கு வேண்டாம் என்பதுதான் என் கட்சி. 2020இல் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டிச் செத்ததே, போதாதா?

கடைசி வரிதான் என்னைச் சுட்டது. சேர்ட் போட்டால் உரிமை போய்விடுமா? நீங்களும் நானும் காற்சட்டையோடு கொழும்பில் திரிகிறோம். ஊரில் கிடக்கும் நம் காணி உறுதியை யாரும் கிழித்துப் போடவில்லையே! படித்த பிள்ளை இப்படி எழுதலாமா?

இந்தக் காட்டை அழித்தது வேடரா? மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர் மட்டும் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து அரசு யானை கொன்றவர்களுக்குச் சன்மானம் கொடுத்தது. இன்று நாம் சபாரி போகும் யால முதலாம் பகுதியே துரைமார் வேட்டையாட ஒதுக்கி வைத்திருந்த காடுதான். அவர்கள் சுட்டு முடித்துப் போனார்கள். பழி வில் வைத்திருந்தவன் தலையில் விழுந்தது. 1983இல் வேடர்கள் வேட்டையாடி வந்த மாதுறு ஓயாக் காடு தேசியப் பூங்காவானது. பாட்டன் காலத்திலிருந்து தேன் எடுத்தவன் ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு அத்துமீறி நுழைந்தவன் ஆனான். பல வேடர் குடும்பங்களைக் காட்டுக்கு வெளியே ஹெனானிகல என்ற ஊருக்குக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். வேடர் தலைவர் திசாஹாமி போக மறுத்து தம்பானையிலேயே இருந்தார். அவருடைய மகன் வன்னில எத்தோ ஜெனீவா வரை போய் ஐ.நா.வில் முறையிட்டார்.

கொழும்பில் ஒரு வீட்டு விருந்தில் மிளகு தூக்கலாகப் பிரட்டிய மரை வற்றல் வைத்தார்கள். சுற்றியிருந்தவர்கள் சட்டம் தெரிந்தவர்கள். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "சாப்பிடுங்கோ, ஆறப் போகுது" என்றார். நான் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டேன். அந்த மேசைக்கு எந்த அதிகாரி வரப்போகிறார்? பிடிபடுவது காட்டுக்குள் இருப்பவன்தான்.

உங்கள் அண்ணன் இருக்கும் அதே கனடாவில் பூர்வகுடிகளின் உரிமைகளை 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு அங்கீகரிக்கிறது. சாப்பாட்டுக்காக வேட்டையாடுவதும் அதில் அடக்கம். அவர்கள் போன் வைத்திருக்கிறார்களா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. தம்பானைக்காரர்கள் கேட்பதும் சலுகை அல்ல, தம்பி. எங்கே போகலாம், எதை எடுக்கலாம் என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசிச் சட்டத்தில் எழுதட்டும். அண்ணனோடு அடுத்த முறை கதைக்கும்போது இதையும் கேட்டுப் பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.